கையெழுத்துப் போட முடிகிறபோதே: மலேசியக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

உயில் எழுத வேண்டும் என்று குடும்பத்தார் வழக்கறிஞரைத் தேடுவது பெரும்பாலும் நோயாளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்த பிறகுதான். ஃபாதரையோ பாஸ்டரையோ கூப்பிடுவது அதற்கும் பிந்தி. உயிர் இருக்கும்வரை நேரம் இருக்கிறது என்று நம்புகிறோம். உண்மையில் தெளிவாக யோசிப்பது, பேனா பிடிப்பது, பேசுவது, விழுங்குவது எல்லாம் உயிருக்கு முன்பே ஒவ்வொன்றாகப் போய்விடுகின்றன. ஈரல் பழுதானாலோ, சிறுநீரகம் நின்றாலோ, புற்றுநோய் மூளைக்குப் பரவினாலோ கடைசி நாட்கள், சிலருக்குக் கடைசி வாரங்கள்கூட, குழப்பத்திலேயே கழிகின்றன. ஆகவே காலக்கெடுவை மரண நாளிலிருந்து கணக்கிடாதீர்கள். இந்தத் திறன்கள் போகும் நாளிலிருந்து கணக்கிடுங்கள்.

சாவைப் பற்றித் திட்டமிட்டால் விசுவாசக் குறைவு என்று சில சபைகளில் நினைக்கிறார்கள். ஏசாயா 38ஆம் அதிகாரத்தை அவர்கள் முழுவதுமாக வாசிக்க வேண்டும். "நீர் உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும்" என்று எசேக்கியாவுக்குக் கட்டளை வருகிறது. அதே அதிகாரத்தில்தான் அவர் அழுது ஜெபித்துப் பதினைந்து வருஷம் கூடுதலாகப் பெறுகிறார். சுகத்துக்கான ஜெபமும் வீட்டை ஒழுங்கு செய்யும் கட்டளையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சிலுவையில் தொங்கியபடியே இயேசு தம் தாயைச் சீடனிடம் ஒப்படைத்தார். யாக்கோபு தன்னை எந்தக் குகையில், யார் யாருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று மகன்களிடம் விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் கண் மூடினார்.

உயிலிலிருந்து தொடங்குவோம். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் பொருந்தும். எழுதுபவர் 18 வயது நிரம்பி, சுயபுத்தியோடு இருக்க வேண்டும். உயில் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் இறுதியில் அவருடைய கையெழுத்து இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்து, பிறகு அவர் முன்னிலையிலேயே தாங்களும் கையெழுத்திட வேண்டும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று சாட்சிக் கையெழுத்து வாங்கினால் உயில் செல்லாது. வாட்ஸ்அப்பில் பதிவு செய்த குரலும் உயில் ஆகாது.

சாட்சி விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் அதிகம் சறுக்குகின்றன. சொத்து பெறுபவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக இருந்தால் உயில் நிற்கும், ஆனால் அவருக்கு எழுதிய பங்கு போய்விடும். மகனுக்கு வீட்டை எழுதிவிட்டு, வீட்டில் இருக்கிறாளே என்று மருமகளைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அந்த ஒரு கையெழுத்தால் மகன் வீட்டை இழக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர், பழைய வேலைத்தோழர், உயிலில் எதுவும் பெறாத சபையார் ஒருவர் என்று இரண்டு பேரைத் தேடுங்கள். உங்களைவிட வயதில் இளையவர்களாக இருந்தால் நல்லது. பின்னாளில் தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

தோட்டத்தில் பிறந்து தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டிக்கு ஆங்கிலத்தில் தயாரித்த உயிலை நீட்டினால், அதைத் தமிழில் முழுவதும் வாசித்து விளக்கியதாகவும், அவர் புரிந்துகொண்டு ஒப்பினார் என்றும் சாட்சி வாசகத்தில் எழுத வேண்டும். பெருவிரல் ரேகை செல்லும், ஆனால் அந்த வாசகம் இல்லாத ரேகை சண்டைக்கு விதை. ஆஸ்பத்திரியில் எழுதத்தான் வேண்டும் என்றால், மருந்து மயக்கம் இல்லாத வேளையாகப் பாருங்கள். மூன்று விஷயம் அவருக்குத் தெரிய வேண்டும்: தான் செய்வது உயில் என்பது, தன்னிடம் ஏறக்குறைய என்ன இருக்கிறது என்பது, யாரெல்லாம் பங்கு எதிர்பார்க்கக்கூடும் என்பது. சிகிச்சை தரும் டாக்டரையே அன்றைக்குப் பரிசோதித்து, நோயாளி தெளிவாக இருந்தார் என்று எழுதித் தரக் கேளுங்கள். அந்த நேரத்தில் பங்கு வாங்கப்போகிற பிள்ளைகள் அறைக்கு வெளியே நிற்கட்டும்.

கோயிலுக்கோ சபைக்கோ ஒரு தொகை எழுத விரும்பினால், மறைமாவட்ட அலுவலகத்திலோ சபைத் தலைமையகத்திலோ சட்டப்படி பதிவான பெயரைக் கேட்டு அதையே எழுதுங்கள். உங்கள் பங்குக் கோயிலின் பெயரை மட்டும் எழுதினால் பணத்தை வாங்க ஆளில்லாமல் நிற்கும். அந்த உயிலை அந்தச் சபையின் போதகரே ஏற்பாடு செய்வதும் சாட்சி போடுவதும் வேண்டாம். அவர் மனம் சுத்தமாக இருக்கலாம். பிள்ளைகள் அதை அப்படிப் பார்க்க மாட்டார்கள், சுவிசேஷத்தின் பெயரும் சேர்ந்து கெடும்.

உயிலே இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் முடிவு செய்யும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இல்லாமல் மனைவியும் பெற்றோரும் இருந்தால் பாதிப் பாதி. "எல்லாம் என் மனைவிக்குத்தானே போகும்" என்று செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கேட்டால் பலர் சொல்வார்கள். மனைவியைத் தவிர பிள்ளையோ பெற்றோரோ யாருமே இல்லாதபோது மட்டும்தான் அது உண்மை.

வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருந்தால் ஒருவர் போன பிறகு மற்றவருக்கு முழுவதும் வந்துவிடும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. நம் நிலச் சட்டத்தில் கூட்டு உரிமை என்றால் ஆளுக்கொரு பங்கு. இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு கணவன் மனைவி பெயரில் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்வோம். கணவர் உயில் இல்லாமல் இறக்கிறார். அவருடைய அம்மா உயிரோடு இருக்கிறார், பிள்ளைகள் மூன்று பேர். முழு வீட்டில் மனைவிக்கு எட்டில் ஐந்து, மாமியாருக்கு எட்டில் ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. சில வருஷத்தில் மாமியாரும் போய்ச் சேர்ந்தால் அந்த எட்டில் ஒன்று அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரிந்து போகும். பிறகு வீட்டை விற்கக் கொழுந்தன், நாத்தனார் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே என்றால் விற்பதற்கு நீதிமன்றத்தின் அனுமதியும் தேவைப்படும். ஒரு பக்க உயிலால் இதையெல்லாம் தவிர்த்திருக்கலாம்.

அதே சமயம், உயில் எழுதும் கணவர் தன் தாயை மறந்துவிடக் கூடாது. உயிலில் விடுபட்டவர் நீதிமன்றம் போய்ப் பராமரிப்புக் கேட்க 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. ஆனால் அது கணவன், மனைவி, சில நிலையிலுள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டும். பெற்றோர் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் கேட்காத அந்தக் கடமையை 1 தீமோத்தேயு 5:8 கேட்கிறது. வீட்டை மனைவிக்கு எழுதிவிட்டு, அம்மாவுக்கு ஆயுள் முழுவதும் அதில் தங்கும் உரிமையோ ஒரு தொகையோ எழுதலாம்.

வெளியில் பேசத் தயங்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, பதிவில்லாத திருமணம். 1982 மார்ச் 1க்குப் பிறகு தாலி கட்டி, விருந்து வைத்து, ஆனால் பதிவு செய்யாமல் வாழும் தம்பதிகள் இன்னும் இருக்கிறார்கள். பின்னாளில் இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், உயில் இல்லாமல் கணவர் இறந்தால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண் மனைவி இல்லை. இரண்டாவது, வளர்ப்புப் பிள்ளை. நீதிமன்ற ஆணையோடு தத்தெடுத்த பிள்ளைக்கு வாரிசுரிமை உண்டு. ஜே.பி.என். (தேசியப் பதிவுத் துறை) அலுவலகத்தில் பதிவு மட்டும் செய்த தத்துக்கு அந்த உரிமை கிடையாது. சொந்தப் பிள்ளையாகவே வளர்த்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இந்த இரண்டு நிலையிலும் இருப்பவர்கள் உயிலை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். திருமணம் பழைய உயிலை ரத்து செய்துவிடும் என்பதால், பதிவை முடித்துவிட்டு உயில் எழுதுங்கள், அல்லது அந்தத் திருமணத்தை எதிர்நோக்கி எழுதியது என்று பெயரோடு உயிலிலேயே குறிப்பிடுங்கள்.

உயிலுக்குள் அடங்காத பணமும் இருக்கிறது. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) சேமிப்பு, நீங்கள் நியமித்த ஆளுக்குத்தான் போகும். உயிலில் வேறு பெயர் எழுதினாலும் மாறாது. வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதிய அம்மா பெயர் முப்பது வருஷம் கழித்தும் அப்படியே கிடக்கும் கணக்குகள் பல. காப்புறுதியில் கணவன், மனைவி, பிள்ளை ஆகியோரை நியமித்தால் அந்தப் பணம் அவர்களுக்காகத் தனியே ஒதுக்கிய பொறுப்புப் பணமாக (டிரஸ்ட்) நிற்கும், கடன்காரர்கள் தொட முடியாது. அண்ணன் தம்பியை நியமித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. இறந்தவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கு செய்தி தெரிந்ததும் முடங்கும், திறக்க மாதக்கணக்கு ஆகும். எனவே வீட்டில் இருப்பவர் பெயரிலேயே சில மாதச் செலவுக்குப் பணம் இருக்கட்டும். இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுப்பது பழக்கமாகிவிட்டது. அது வாரிசுகள் அனைவரின் சொத்து, பின்னால் கணக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கைமாற்றாக வாங்கியதும் கொடுத்ததும் ஒரு தாளில் பெயர், தொகை, தேதியோடு இருக்கட்டும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன்களையும் அதில் எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாத ஜாமீன்கள்தான் துக்க வீட்டுக்குக் கடிதமாக வருகின்றன.

ஆன்மிகக் காரியங்களிலும் இதே தாமதம்தான். கத்தோலிக்கக் குடும்பங்களில் நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனத்தைச் சாகும் வேளைக்கு மட்டும் உரியதாக்கும் "அவஸ்தைப் பூசுதல்" என்ற பழைய பேச்சு இன்னும் போகவில்லை. ஃபாதர் எண்ணெயோடு வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று மூச்சு இழுக்கும்வரை காத்திருக்கிறார்கள். நோயிலோ முதுமையிலோ ஒருவர் ஆபத்தில் விழத் தொடங்கும்போதே பூசுதலுக்கு ஏற்ற காலம் வந்துவிட்டது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் பெறலாம். நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். பாவசங்கீர்த்தனத்துக்குப் பேச்சும் நினைவும் வேண்டும். வழியுணவாகத் தரும் நற்கருணைக்கு விழுங்கும் சக்தி வேண்டும். உயிர் பிரிந்த பிறகு அருட்சாதனங்கள் இல்லை, ஜெபம் மட்டுமே உண்டு. ஆகவே பூடு புனித அந்தோணியார் கோயிலோ, பினாங்கு புனித சவேரியார் கோயிலோ, உங்கள் பங்கு எதுவானாலும், நோயாளி உட்கார்ந்து பேசும் காலத்திலேயே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும்: திருவிருந்தைக் கட்டிலுக்கே கொண்டுவருவார்கள், யாக்கோபு 5:14 சொல்கிறபடி மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள்.

ஒப்புரவாவதற்கும் நேரம் ஒதுக்குங்கள். பேசாமல் இருக்கும் தம்பி கல்லறைக்கு வந்து அழுவதைவிட, அண்ணன் கேட்கக்கூடிய நிலையில் இருக்கும்போது வந்து பத்து நிமிஷம் உட்காரட்டும். கூப்பிடும் வேலையை நோயாளியிடம் விடாமல் வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சை முடிவுகளில் நம் சட்டத்துக்கு ஒரு குறை உண்டு. உங்களுக்காகச் செயல்பட ஒருவருக்கு நீங்கள் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி (அதிகாரப் பத்திரம்), உங்கள் புத்தி தவறிய நாளிலேயே செயலிழந்துவிடும். வெளிநாடுகளில் உள்ளது போல் நீடிக்கும் அதிகாரப் பத்திரம் இங்கே இல்லை. அதனால் முன்கூட்டியே எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்ட ஒரு விருப்பக் குறிப்பு மிகவும் உதவும்: இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டுமா, சுவாசக் கருவி வேண்டுமா, குழாய் வழி உணவு வேண்டுமா, டாக்டரிடம் யார் பேச வேண்டும். பேச ஒரே ஒருவரை நியமித்து, சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் அதைத் தெரிவியுங்கள். பார்த்துக்கொண்ட மகள் எடுத்த முடிவை, விமானத்தில் வந்து இறங்கிய மகன் அரை மணி நேரத்தில் கலைப்பது அடிக்கடி நடக்கிறது.

சுவாசக் கருவி வேண்டாம் என்றால் அது தற்கொலைப் பாவமா என்று பலர் மனம் உடைந்து கேட்கிறார்கள். பாவம் இல்லை. பலனுக்கு மிஞ்சிய பாரமான சிகிச்சையை நிறுத்துவதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 2278ஆம் பத்தி அனுமதிக்கிறது. உயிரைப் பறிக்கும் நோக்கத்தோடு செய்வதுதான் விலக்கப்பட்டது. வலிக்கான மருந்தும் அப்படியே. 1957இலேயே போப் பன்னிரண்டாம் பயஸ் வலி தீர்க்கும் மருந்தை ஏற்றுக்கொண்டார்.

மார்ஃபின் என்றதும் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று பாட்டிலை அலமாரியில் வைத்துவிடும் வீடுகள் உண்டு. வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, டாக்டர் சொன்ன நேரத்துக்கு, வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வாய்வழி திரவத்தைக் கொடுத்தால்தான் வலி அடங்கியே இருக்கும். மலச்சிக்கல் ஏறக்குறைய நிச்சயம் வரும், முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கேளுங்கள். கடைசி நாட்களில் பசி போவது இயல்பு. அன்பினால் கஞ்சியைத் திணித்தால் அது நுரையீரலுக்குள் போய்த் திணறடிக்கும். ஈரப் பஞ்சால் வாயையும் உதட்டையும் நனைத்தால் போதும். கோலாலம்பூரில் செராஸில் உள்ள ஹாஸ்பிஸ் மலேசியா 1991 முதல் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது. கடைசி வாரத்தில் கூப்பிடாமல், நோய் குணமாகாது என்று டாக்டர் சொன்ன நாளிலேயே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். வீட்டில் உயிர் பிரிந்தால் யார் வந்து உறுதிப்படுத்துவார்கள், எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும் என்பதையும் அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நோயாளியின் மைகார்டு (அடையாள அட்டை) கையில் இருக்க வேண்டும்.

அடக்கம் பற்றிய விருப்பத்தை உயிலில் மட்டும் எழுதினால் பலன் இல்லை, ஏனென்றால் உயிலைப் பிரிப்பது பெரும்பாலும் அடக்கம் முடிந்த பிறகு. தனித் தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்திலோ போதகரிடமோ கொடுங்கள். ஒரே குடும்பத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருப்பது நம்மிடையே சாதாரணம். பெரியவயதில் ஞானஸ்நானம் பெற்றவர், தன் அண்ணன் தம்பிகளிடம் மரியாதையோடு, நேரில், தன் வாயால் சொல்லிவிட வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழின் நகலையும் அந்தத் தாளோடு இணையுங்கள். பிணத்தின் பக்கத்தில் நின்று சடங்குக்காகச் சண்டை போடுவது இரண்டு பக்கத்துக்கும் ஆறாத காயம். கத்தோலிக்கர்களுக்குத் தகனம் 1963 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அஸ்தியைக் கடலில் தூவக் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் மறுபடியும் சொன்னது.

இந்தத் தாள்களை எல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் செராஸ் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீடு திரும்பியதும் செய்யலாம். மற்றச் சபையார் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு முன் செய்யலாம். நியமித்தவர் உயிரோடு இருக்கிறாரா, புதிதாக வீடு வாங்கினோமா, பேரப்பிள்ளை பிறந்ததா, யாருக்காவது திருமணம் ஆனதா என்று மட்டும் பார்த்தால் போதும். அசல் உயிலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று, உயிலை நிறைவேற்ற நீங்கள் அதில் நியமித்தவருக்குத் (நிறைவேற்றுபவருக்கு) தெரிய வேண்டும். உங்கள் கையில் இருந்த அசல் கிடைக்காமல் போனால், நீங்களே கிழித்துப் போட்டதாகத்தான் நீதிமன்றம் முதலில் கருதும். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டாதீர்கள், இணைத்த ஊசியைக் கழற்றாதீர்கள். உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கிப் பெட்டகத்திலும் வைக்காதீர்கள். அதைத் திறக்க நிறைவேற்றுபவரின் அதிகாரத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், அந்த ஆதாரமான உயிலோ உள்ளே பூட்டிக் கிடக்கும்.