பழைய குண்டு அச்சும் தோட்டா நிரப்பும் கருவிகளும்: ஆயுதச் சட்டம் அவற்றை எப்படிப் பார்க்கிறது?

சுடவே முடியாத நிலையில் உள்ள நூறாண்டுப் பழமையான துப்பாக்கி ஒன்றை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பதற்கு இந்தியச் சட்டம் இடம் தருகிறது. அந்தத் துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் வந்த, உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய குண்டு அச்சுக்கு அதே அளவு தெளிவான விலக்கு சட்டத்தில் இல்லை. எழுத்துப்படி வாசித்தால், ஈயம் ஊற்றிக் குண்டு வார்க்கும் கருவியையும் சட்டம் தோட்டாவின் வரிசையிலேயே சேர்க்கிறது. பழம்பொருள் சேகரிப்பவர்களும், தாத்தாவின் மரப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்து நிற்கும் வாரிசுகளும் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இந்த முரணைத்தான்.

எந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது. குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுட்ட காலத்தில், ஒவ்வொரு துப்பாக்கியின் குழல் அளவும் சற்றே வேறுபட்டதால், அதற்கென்றே செய்யப்பட்ட குண்டு அச்சைத் துப்பாக்கி செய்தவரே உடன் கொடுப்பது வழக்கம். பாக்குவெட்டியைப் போல இரண்டு கைப்பிடிகளோடு திறந்து மூடும் அந்த அச்சின் மேல் பல சமயம் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு ராத்தல் ஈயத்தில் அந்த அளவில் எத்தனை குண்டுகள் வார்க்கலாம் என்பதே அந்த எண்ணின் பொருள். பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) துப்பாக்கி என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பன்னிரண்டு இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். பித்தளைத் தோட்டாவும் காகிதத் தோட்டாவும் வந்தபின், சுட்ட தோட்டாவின் பழைய கேப்பை (தட்டியதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) கழற்றிப் புதியதைப் பொருத்தும் கருவி, மருந்தளக்கும் குப்பி, காகிதத் தோட்டாவின் விளிம்பை மடித்துவிடும் கைச்சுழற்சிக் கருவி ஆகியவை சேர்ந்துகொண்டன. ஷெஃபீல்டு நகரத்து ஜேம்ஸ் டிக்சன் நிறுவனமும் ஹாக்ஸ்லி நிறுவனமும் செய்த இத்தகைய பொருள்களும், அமெரிக்காவில் ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் இடுக்கி வடிவக் கருவிகளும் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறவை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சென்னையில் துப்பாக்கி விற்ற பி. ஓர் அண்டு சன்ஸ் போன்ற கடைகளின் பெயரைத் தாங்கிய பெட்டிகளில் இவற்றுள் சில அப்படியே கிடைப்பதும் உண்டு.

அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் காணொளிகளைப் பார்த்து இந்த ஆர்வத்துக்குள் வருகிறவர்கள், அங்கே இருப்பது போலவே இங்கும் இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்நாட்டின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் தோட்டா என்பதற்குத் தரும் வரையறையில் முழுத் தோட்டா, வெற்றுக் கூடு, கேப், குண்டு, மருந்து ஆகியவை இருக்கின்றனவே ஒழிய, அவற்றைச் செய்யும் கருவி இல்லை. அதனால் ஐடியல் கருவி அங்கே சுத்தியல், திருப்புளி போலவே கைமாறுகிறது. இந்தியச் சட்டத்தின் வரையறை அதைவிட அகலமானது.

வரையறையில் ஒளிந்திருக்கும் ஒரு வரி

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2ஆம் பிரிவு, துப்பாக்கிக்கு உரிய தோட்டா முதலிய பொருள்களை வரையறுக்கும் இடத்தில் எறிகுண்டு, வெடிமருந்து அடைத்த பொருள், திரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஆறாவது உட்கூறில் தோட்டாவின் பாகங்களையும் தோட்டா தயாரிப்பதற்கான இயந்திர சாதனங்களையும் அதே சொல்லுக்குள் அடக்குகிறது. மத்திய அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் மூலப்பொருள்கள் ஏழாவதாக வருகின்றன. ஆகவே 3ஆம் பிரிவு, உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் கூடாது என்று சொல்லும்போது, அந்தத் தடை தோட்டா செய்யும் சாதனத்தையும் தொடக்கூடியது.

இரண்டு கைப்பிடியும் ஒரு குழியும் மட்டுமே உள்ள அச்சை இயந்திர சாதனம் என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி நியாயமானதே. இயந்திர சாதனம் என்பதற்குச் சட்டம் தனியாக விளக்கம் தரவில்லை. கையால் இயக்கும் சாதாரண அச்சு வேறு, மேசையில் திருகிப் பொருத்தித் தோட்டா நிரப்பும் அழுத்துக் கருவி வேறு என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். அந்த வாதத்தில் பொருளும் உண்டு. ஆனால் வாதம் எடுபடும் இடம் நீதிமன்றம். சேகரிப்பாளர் தன் பொழுதுபோக்கை அங்கே கொண்டுபோய் நிறுத்தும் நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்வதே மேல் என்பதால், குண்டு அச்சும் வரையறைக்குள் வரலாம் என்று வைத்துக்கொண்டே மற்றவற்றைப் பார்க்கலாம்.

பழமைக்குக் கிடைக்கும் விலக்கு எதுவரை?

சட்டத்தின் 45ஆம் பிரிவு, அது பொருந்தாத இடங்களைச் சொல்கிறது. அதில் நமக்கு வேண்டியவை இரண்டு. வழக்கொழிந்த வகையைச் சேர்ந்ததாகவோ தொல்பொருள் மதிப்பு உடையதாகவோ பழுதடைந்ததாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத ஆயுதத்துக்குச் சட்டம் பொருந்தாது என்பது இ கூறு. இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். பழமை மட்டும் போதாது. அந்தப் பொருள் இனிச் சுடவே முடியாததாகவும் இருக்க வேண்டும். அடுத்து, இந்தக் கூறு பேசுவது ஆயுதத்தைப் பற்றி. குண்டு அச்சை யாரும் ஆயுதம் என்று சொல்வதில்லை என்பதால், அதன் வயது இருநூறு ஆண்டானாலும் இந்த வாசல் வழியாக அதை வெளியே கொண்டுவருவது கடினம்.

ஈ கூறுதான் கருவி சேகரிப்பவருக்கு ஓரளவு துணை நிற்பது. ஆயுதத்தின் அல்லது தோட்டாவின் சிறு பாகங்களை ஒருவர் வைத்திருக்கும்போது, தம்மிடமோ வேறு எவரிடமோ உள்ள மற்றப் பாகங்களோடு சேர்த்து அவற்றைப் பயன்படுத்தும் எண்ணம் இல்லையென்றால் சட்டம் பொருந்தாது என்கிறது அது. சுட்டு முடித்த வெற்றுப் பித்தளைக் கூடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பயணப் பையில் ஒற்றைத் தோட்டாவோடு விமான நிலையத்தில் பிடிபட்டவர்களின் வழக்குகள் சிலவற்றில், துப்பாக்கி எதுவும் உடன் இல்லாததைக் கருதி, டெல்லி உயர் நீதிமன்றம் இந்தக் கூறின் பலனைக் கொடுத்து வழக்கை ரத்து செய்திருக்கிறது. கருவியைச் சிறு பாகம் என்று கொள்ளலாமா என்பது வாதத்துக்கு உரியதுதான். எனினும் இந்தக் கூறு எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து சேகரிப்பாளர் ஒரு வழிகாட்டுதலைப் பெறலாம்: அது பொருளின் வயதைப் பார்க்காமல், பக்கத்தில் என்ன இருக்கிறது, எதற்காக வைத்திருக்கிறார் என்பதைப் பார்க்கிறது. கண்ணாடி அலமாரியில், ஆண்டும் செய்த ஊரும் எழுதிய சீட்டோடு இருக்கும் அச்சு ஒரு கதையைச் சொல்லும். அதே அச்சு ஈயக் கட்டி, மருந்து டப்பா, கேப் சிமிழ், வேலை செய்யும் நாட்டுத் துப்பாக்கி ஆகியவற்றோடு ஒரே அலமாரியில் இருந்தால் சொல்லும் கதை வேறு.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகள் 2016இல் செய்த திருத்தம் பலரைக் குழப்பியிருக்கிறது. அரும்பொருள் வகையைச் சேர்ந்த சிறு துப்பாக்கிகளை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்று அந்தத் திருத்தம் கூறியது. அவற்றைச் சுடவும் வெளியே எடுத்துச் செல்லவும் உரிமம் வேண்டும் என்றும், உரிமத்தில் பதியப்படாத அத்தகைய துப்பாக்கிக்குத் தோட்டா விற்கக் கூடாது என்றும் அது சேர்த்தே சொன்னது. தளர்வு துப்பாக்கிக்கு உரியது. தோட்டாவுக்கும், எனவே அதைச் செய்யும் சாதனத்துக்கும், அது நீளவில்லை. துப்பாக்கியை விட்டுவிட்டு அதன் குண்டு அச்சைப் பிடித்துக்கொள்வது விந்தையாகத் தோன்றலாம். என் கருத்தில் இது திட்டமிட்டு வைத்த தடை என்பதைவிட, விதி எழுதியவர்கள் இப்படி ஒரு சேகரிப்பு இருக்கும் என்றே நினைத்துப் பார்க்காததன் விளைவு. ஆனாலும், நினைக்காமல் விடப்பட்டது என்பது விலக்கு ஆகிவிடாது.

வைத்திருப்பதும் செய்வதும்

அலமாரியில் வைத்திருப்பது ஒரு நிலை. அச்சைச் சூடாக்கி ஒரே ஒரு குண்டு வார்த்துப் பார்ப்பது வேறு நிலை. 5ஆம் பிரிவு உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. குண்டு என்பது தோட்டாவின் பாகம். 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு 5ஆம் பிரிவை மீறித் தயாரிப்பவருக்கோ விற்பவருக்கோ உரிய தண்டனை 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறையில் தொடங்கி ஆயுள் சிறைவரை செல்லக்கூடும். கருவி வேலை செய்கிறதா என்று நண்பர்களுக்குக் காட்டுவதற்காகவோ, காணொளி எடுப்பதற்காகவோ இதைச் செய்து பார்ப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும்.

உரிமம் உள்ளவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த துப்பாக்கியையோ தோட்டாவையோ, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்க 5ஆம் பிரிவே வழி தருகிறது. விற்கும் எண்ணத்தை மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். இணையச் சந்தையில் படம் போட்டு, வந்த முதல் ஆளுக்குக் கூரியரில் அனுப்புவது இந்த ஏற்பாட்டுக்கு நேர் எதிரானது. வெளிநாட்டு ஏல நிறுவனத்திடம் வாங்கி வரவழைப்பதற்கு 10ஆம் பிரிவின் கீழ் இறக்குமதி உரிமம் என்ற கேள்வி எழும். அனுப்புகிறவரின் நாட்டில் அது சாதாரண இரும்புச் சாமான் என்பது இங்குள்ள சுங்க அதிகாரிக்குப் பதிலாகாது.

வெளியே அனுப்புவதற்கோ வேறொரு சட்டம் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத வயதுடைய, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடை செய்கிறது. வெளிநாட்டில் குடியேறிய மகனுக்குப் பாட்டனார் நினைவாக அச்சைக் கொடுத்தனுப்புவதற்கு முன், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

பெட்டியில் கண்டெடுத்தவர் என்ன செய்வது?

பெரும்பாலும் இந்தக் கருவிகள் கடையில் வாங்கப்படுவதில்லை. எஸ்டேட் பங்களாவின் பரணிலோ ஜமீன் வீட்டு இரும்புப் பெட்டியிலோ, பத்திரங்களுக்கும் பட்டுச் சேலைகளுக்கும் நடுவே கிடைக்கின்றன. இருப்பதே தெரியாமல் இத்தனை நாள் வைத்திருந்ததற்காக அஞ்ச வேண்டியதில்லை. 1972இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆயுதச் சட்டத்தில் வைத்திருத்தல் என்றால் அறிந்து வைத்திருத்தல் என்று விளக்கியிருக்கிறது. தவிர, 3ஆம் பிரிவை மீறியதாக ஒருவர்மேல் வழக்குத் தொடர 39ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவரின் முன் அனுமதியும் வேண்டும். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்த நாளிலிருந்து அறியாமை என்ற காப்பு போய்விடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது எது கருவி, எது வெடிக்கக்கூடியது என்பதை. பழைய கேப்கள் உரசலிலோ அதிர்ச்சியிலோ வெடிக்கலாம். கரிமருந்து நூறாண்டு கழித்தும் தீப்பற்றும். பெட்டியில் கேப், மருந்து, நிரப்பிய தோட்டா இவற்றில் எதைக் கண்டாலும், துடைத்துப் பார்ப்பதையும் வண்டியில் வைத்துக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் செல்வதையும் விட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். காலியான அச்சிலும் சுட்டு முடித்த வெற்றுக் கூட்டிலும் இந்த ஆபத்து இல்லை. பழைய ஈயத்தின் மேல் படிந்த வெண்பொடியைத் தொட்டால் கைகழுவ வேண்டும்.

கருவிகள் மட்டும் இருந்தால், அவற்றைப் படம் எடுத்து, அளவு, பொறிப்பு, கிடைத்த விதம் ஆகியவற்றை எழுதி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு விண்ணப்பம் கொடுத்து எழுத்தில் பதில் கேட்பதே நான் பரிந்துரைக்கும் வழி. மாவட்டங்களில் அந்த அதிகாரி ஆட்சியர். சென்னையில் மாநகரக் காவல் ஆணையர். உரிமதாரர் இறந்து, அவருடைய துப்பாக்கிக்கு வாரிசு உரிமம் கேட்கும் குடும்பமாக இருந்தால், அந்த விண்ணப்பத்திலேயே கருவிகளையும் தனிப் பட்டியலாக இணைத்துவிடலாம். துப்பாக்கிக்குக் கிடைக்கும் உரிமம் பெட்டியில் உள்ள அனைத்தையும் தானாகவே மூடிவிடும் என்று கருதிக்கொள்ள வேண்டாம்.

வைத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தால், அல்லது குடும்பத்துக்கே வேண்டாம் என்றால், 21ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைக்கலாம். ஒப்படைத்த உடனே உரிமை போய்விடுவதில்லை: விதியில் குறித்த காலத்துக்குள் உரிமம் பெற்றால் திரும்ப வாங்கவும், தகுதியுள்ளவருக்கு விற்று அந்தத் தொகையைப் பெறவும் ஒப்படைத்தவருக்கும், அவர் இறந்தால் அவருடைய சட்டப்படியான வாரிசுக்கும் உரிமை உண்டு. காலம் கடந்தால் பொருள் அரசுடைமை ஆகிவிடும். ஆகையால் ரசீதில் 'பழைய இரும்புச் சாமான் 1' என்று எழுத விடாமல், அச்சின் மேல் பொறித்துள்ள எண்ணையும் செய்தவர் பெயரையும் குறிக்கச் சொல்லிக் கையொப்பமும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும்.