'தற்காலிகமாக மூடியிருக்கிறோம்' என்றால் எத்தனை மாதம் காத்திருப்பது?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் தொழில் வழக்குகள் பார்க்கிற சட்டத்தரணி நான். தையல் தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்ட மறுநாளே என்னைத் தேடி வருகிறவர்கள் அபூர்வம். ஆறு மாதம், எட்டு மாதம், சில நேரம் ஒரு வருடமே கழிந்த பிறகு ஒரு பொலித்தீன் பையோடு வருவார்கள். உள்ளே அடையாள அட்டையின் போட்டோ கொப்பி, ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதியின் பி கார்ட், மடித்து மடித்துக் கசங்கிய சம்பளத் துண்டுகள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டால் அநேகமாக எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "திரும்பத் தொறப்போம்னு சொன்னாங்க மிஸ்."

அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். வேலை போனதில் இழந்ததை விட, காத்திருந்ததில் அதிகம் இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கீழே வருவது எந்த ஒரு தொழிற்சாலையின் கதையும் இல்லை. பல கோப்புகளிலிருந்து, ஆட்கள் அடையாளம் தெரியாதபடி எடுத்தது.

மலையகத்துக்குத் தையல் தொழிற்சாலை புதிதில்லை. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்த பிறகு, கொழும்புக்கு வெளியிலும் இந்த வேலை பரவியது. பெரிய இடங்களிலிருந்து சப் கொன்ட்ராக்ட் எடுத்து நாற்பது, ஐம்பது மெஷினோடு ஓடுகிற சின்ன இடங்கள் அப்புறம் முளைத்தன. அடி விழும்போது முதலில் விழுவது இவற்றின் மேல்தான். ஓடர் குறைந்தால் பெரிய தொழிற்சாலை தன் மெஷின்களுக்குத்தானே முதலில் வேலை பார்க்கும்? 2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகை போய், 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு அமெரிக்கா 44 வீத வரி என்று அறிவித்தது, பிறகு 20க்கு இறக்கியது. பெரிய கம்பனி இதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடும். மெயின் ரோட்டில் மூன்று மாடிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவருக்கு அது முடியாது.

மூடுவதும் ஒரே நாளில் நடக்காது. முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு சனிக்கிழமை வேலை. பத்தாம் திகதி வந்த சம்பளம் இருபதாம் திகதிக்குத் தள்ளும், அதுவும் இரண்டு தவணையாகும். இதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும். ஈபிஎஃப் காசு கட்டுவது நின்றதை மட்டும் யாரும் கவனிக்க மாட்டார்கள். சம்பளத் துண்டில் 8 வீதம் வெட்டியதாக மாதா மாதம் இருக்கும். அதோடு முதலாளி சேர்க்க வேண்டிய 12 வீதமும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, "ஓடர் வந்ததும் கோல் பண்றோம், ஃபோனை ஓஃப் பண்ணி வச்சிராதீங்க" என்பார்கள்.

சின்னத் தொழிற்சாலையில் இந்த வார்த்தையை நம்புவதற்குக் காரணம் உண்டு. முதலாளி இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர். பிள்ளைக்கு ஆஸ்பத்திரி என்றபோது முற்பணம் தந்தவர். அப்படிப்பட்ட ஒருவர் மேல் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுப்பது துரோகம் மாதிரித் தோன்றும். பதினைந்து வருடம் வேலை செய்தவர்தான் கடைசியாக வருகிறார். இரண்டு வருடம் செய்த பிள்ளை அடுத்த மாதமே கட்டுநாயக்கா வர்த்தக வலயப் பக்கம் போர்டிங் பார்த்துப் போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? ஆட்களை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மூடுவதற்கு முந்திய ஆறு மாதத்தில் சராசரியாகப் பதினைந்து பேராவது வேலை செய்த இடம் என்றால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் யாரையும் சும்மா நிறுத்த முடியாது. வேலையாளின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். தொழிற்சாலையை மூடுவதும் இதற்குள் வரும். இன்னொன்றைக் கவனியுங்கள்: தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் இந்தச் சட்டத்தின் கண்ணில் வேலையிலிருந்து நிறுத்தியதுதான். ஆனால் முறைப்பாட்டை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 'கோல் பண்றோம்' என்ற அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே நாள் ஓட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பணம் என்று பார்ப்போம். எட்டு வருடம் வேலை செய்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சட்டத்தின் நட்டஈட்டுச் சூத்திரப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் இரண்டரை மாதச் சம்பளம், அடுத்த மூன்று வருடத்துக்கு வருடம் இரண்டு மாதம். மொத்தம் பதினெட்டரை மாதம், அதாவது 5,55,000 ரூபா. சேவைக்காலப் பணம் இதில் சேராது. அது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். இவருக்கு 1,20,000 ரூபா. முதலாளியிடம் காசு இருந்தால்தானே கிடைக்கும் என்பீர்கள். உண்மைதான், முழுத்தொகை கைக்கு வருவது அரிது. ஆனால் ஆணையாளர் நாயகத்தின் கட்டளை ஒன்று கையில் இருந்தால் தவணைக்குப் பேசலாம். காலம் கடந்துபோனால் பேசுவதற்கே ஒன்றும் இருக்காது.

காத்திருக்கிற காலத்தில் நடக்கிற இன்னொரு விஷயம் கையெழுத்து. நிலுவைச் சம்பளம் தருகிறோம் என்று கூப்பிடுவார்கள். போனால் காசோடு ஒரு தாளும் நீட்டப்படும். நான் பார்த்தவற்றில் பல சிங்களத்தில் தட்டச்சு செய்தவை. திகதி போடும் இடம் வெறுமையாக இருக்கும். கீழே தமிழில் நடுங்கிய கையெழுத்து. 'சொந்தக் காரணங்களுக்காக எனது விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்பதுதான் அந்தத் தாளின் சாரம். காசு வாங்கியதற்கான பற்றுச்சீட்டு என்று நினைத்துப் போட்டிருப்பார்கள். இதற்கு எதிராக வாதாட முடியாது என்றில்லை. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் போட்ட கையெழுத்தை உடைக்க வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டிவரும். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குப் போடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான பற்றுச்சீட்டாக இருந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

சட்டத்துக்கு வெளியே நடப்பது இதை விட மோசம். குழுக் கடன் எடுக்கிற பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பது தெரியும்தானே? ஒருத்திக்குக் கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அதன் கணக்கு. அவர்கள் எல்லோரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசை மெஷினில் இருந்தவர்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் சம்பளம் நின்றது. கடன் வசூலிக்கிற பையன் லயத்து வாசலில் வந்து நிற்கிறான், பிணை நின்றவளும் கட்ட முடியாதவளும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிப்பதில்லை. தொழிற்சாலைக்குள் ஓடிய சீட்டும் அப்படியே பாதியில் நின்றது. முதலில் சீட்டை எடுத்தவளுக்கும் கடைசியாக எடுக்கவிருந்தவளுக்கும் இடையில் வந்த சண்டை பொலிஸ் வரைக்கும் போனது. பதினொரு வருடச் சிநேகிதம் அது.

அப்புறம் தேயிலைக் கொழுந்து. தோட்டத்தில் பேர் பதியாமல், படித்து, டவுனுக்கு வேலைக்குப் போன முதல் தலைமுறைப் பெண்கள் இவர்கள். நாற்பது வயதில் கைக்காசு வேலைக்குக் கொழுந்து மலைக்குத் திரும்பும்போது, கொழுந்து எடுக்கத் தெரியாது என்பது சின்னப் பிரச்சினை. "இதுக்குத்தானா ஓஎல் வரைக்கும் படிக்க வச்சேன்" என்று அம்மா சொன்னதை என்னிடம் சொல்லும்போது ஒரு பெண்ணுக்குக் குரல் உடைந்தது. வழக்கு விவரம் சொல்லும்போதெல்லாம் அவர் கலங்கவே இல்லை. இந்த நாட்டில் வேலையிழந்தவருக்கென்று ஒரு காப்புறுதி கிடையாது. ஈபிஎஃப் இருக்கிறதே என்றால், பெண்ணுக்கு ஐம்பது வயது ஆக வேண்டும், ஆணுக்கு ஐம்பத்தைந்து. இடையில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் இருக்கிறவர்களுக்கு நான் 1926ஐ எழுதிக் கொடுக்கிறேன். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

முதலாளிகளுக்காகவும் நான் ஆஜராகியிருக்கிறேன், ஆகவே அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீட்டை வங்கியில் ஈடு வைத்துத்தான் மெஷின் வாங்கியிருப்பார். இரவில் மெஷின்களை லொறியில் ஏற்றுகிறவர் எல்லோரும் திருடர் இல்லை. பகலில் ஆட்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் செய்கிறவரும் உண்டு. அந்த வெட்கம்தான் ஆட்களை மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிறது என்பதை அவர் யோசிப்பதில்லை. மூடுவதென்று முடிவாகிவிட்டால் முன்கூட்டியே ஆணையாளர் நாயகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆட்களைக் கூட்டி, எது முடியும் எது முடியாது என்று சொல்லலாம். ஒரு காசும் செலவில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது: சேவைக் கடிதம். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்த மெஷினில், என்ன வேலை என்று எழுதித் தந்தால் போதும். அனுபவத்தை வைத்து என்விகியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்குப் போகிறவருக்கும், வேறு இடத்தில் வேலை தேடுகிறவருக்கும் அது பெரிய உதவி. முதலாளி காணாமல் போன பிறகு அதை யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு. கடைசியாக வேலை செய்த திகதியை எழுதி வையுங்கள். அடையாள அட்டையிலும் பி கார்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மாரியாயி, மற்றதில் மாரியம்மா என்று இருந்தால் அதைத் திருத்துவதற்கே மாதங்கள் போகும், முதலாளியின் உறுதிப்படுத்தலும் தேவைப்படும். பதினைந்து பேருக்குக் குறைந்த இடம் என்றால் வழி வேறு, தொழில் நியாய சபை பக்கம் போக வேண்டும், அங்கேயும் ஆறு மாதம்தான். ஈபிஎஃப் முறைப்பாட்டுக்கு இந்த எண்ணிக்கைக் கணக்கு இல்லை. ஒரே ஓர் ஆள் வேலை செய்திருந்தாலும் முதலாளி கட்டியிருக்க வேண்டும். கட்டாத பணத்துக்காகத் தொழில் திணைக்களமே நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், அதற்கு நீங்கள் சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. சம்பளத் துண்டு இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வரவு அட்டை, வங்கிப் புத்தகத்தில் சம்பளம் விழுந்த வரி, சீருடையோடு எடுத்த படம், எது இருக்கிறதோ அதைக் கொண்டு போங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கொடுத்ததற்கு ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.