எறும்பு மொய்த்தால் கலப்படத் தேனா?

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறேன். போன வாரம் பாறசாலையிலிருந்து ஒரு வயதான அம்மா பஸ் ஏறி வந்து, "மக்களே, எறும்பு மொய்க்குது, இது கலப்படமாக்கும்" என்று பாட்டிலை மேசையில் வைத்தார்கள். மூடியின் மரையில் காய்ந்த தேன், அதில் ஏழெட்டு எறும்பு. ரப்பர் தோட்டத்துப் பெட்டியிலிருந்து அந்தத் தேனை எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். இதே காரணம் சொல்லி எத்தனை பாட்டில் திரும்பி வந்துவிட்டது! வளர்த்தவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கெட்ட பெயரோடு போகிறார்.

எறும்புக்குத் தேன் பிடிக்காது என்று யார் சொன்னது? பிடிக்காவிட்டால், தேன்பெட்டி ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் எதற்கு வைக்கிறோம்? ஒருநாள் கிண்ணம் வற்றினால் போதும், அடை முழுக்க எறும்புதான்.

பூச்சிகளுக்கு ருசி தெரிவது வாய், உணர்கொம்பு, கால் ஆகியவற்றில் உள்ள நுண்மயிர்களில். அங்கே சுவையை உணரும் புரதம் இருக்கிறது, அதன் பெயர் சுவை ஏற்பி. அதில் ஒரு குழி. அதில் பொருந்தும் சர்க்கரை வந்து உட்கார்ந்தால்தான் கதவு திறக்கும். பழச்சர்க்கரைக்கு (ஃபிரக்டோஸ்) மட்டுமே திறக்கும் ஏற்பி ஒன்று தேனீயிடம் தனியாக இருக்கிறது. நமக்கு இனிக்கும் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு தேனீக்கு இனிக்காது, 1973-இல் நோபல் பெற்ற தேனீ ஆராய்ச்சியாளர் கார்ல் வான் ஃபிரிஷ் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். ஆக, பூச்சி அறிவது சர்க்கரை மூலக்கூறை. அது பூவிலிருந்து வந்ததா, டின்னிலிருந்து வந்ததா என்பது அந்தக் குழிக்குத் தெரியாது. தேனில் சுமார் 38 சதவீதம் பழச்சர்க்கரை, 31 சதவீதம் குளுக்கோஸ். கலப்படக்காரன் ஊற்றும் பாகிலும் இதே இரண்டும் இருக்கும்போது எறும்பு எப்படிப் பிரித்துச் சொல்லும்? சில நாள் எறும்பு வராமலும் போகும், கெட்டித் தேனில் கால் ஒட்டும், அவ்வளவுதான். கரும்புப் பாகு, மக்காச்சோளப் பாகு கலந்ததைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் கார்பன் ஐசோடோப்புச் சோதனை இருக்கிறது.

பாட்டில் வாயைத் துடைத்து மூடுங்கள், தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள். சுற்றிலும் எறும்புச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள், அது பூச்சிமருந்து.

அப்புறம் அந்த அம்மா சொன்னதுதான் என்னைப் பதறவைத்தது. பிறந்து பத்து நாளான பேரப்பிள்ளைக்குச் நாக்கில் தொட்டுச் சேனை வைக்க எறும்பு ஏறாத சுத்தத் தேன் கேட்டார்கள். வேண்டாம் அம்மா! எவ்வளவு சுத்தமான தேனிலும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம், கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்தால் மூச்சே நின்றுவிடலாம். ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வைக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். ஏற்கெனவே வைத்துவிட்டீர்களா? பிள்ளைக்கு மலம் கட்டி, அழுகை மெலிந்து, பால் இழுக்கச் சக்தியில்லாமல் துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், தேன் வைத்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.