என்.சி.சி. தலைமைப் பயிற்சி முகாம்: வடசென்னைப் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு வீட்டில் பிள்ளை வந்து, "தலைமைப் பயிற்சி முகாமுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்" என்று சொன்னால், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பதுதான். அரசு நிதியில் இயங்கும் பிரிவில் சேர்ந்த மாணவருக்கு உணவு, தங்குமிடம், முகாமுக்கான பயணம் எல்லாமே அரசுச் செலவு. சீருடைக்கும் அரசுதான் பொறுப்பு. ஆனால் சில தனியார் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் முழுச் சுயநிதி முறையில் என்.சி.சி. நடக்கிறது. அங்கே செலவை நிறுவனமோ மாணவரோ ஏற்க வேண்டியிருக்கும். எந்த முறையில் சேர்க்கிறார்கள் என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

இரண்டாவது பயம், "படித்து முடிப்பதற்குள் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களோ" என்பது. அப்படி எதுவும் இல்லை. என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது, ராணுவத்தினர் பயிற்சி தருகிறார்கள். ஆனாலும் அதில் சேர்ந்தவருக்குப் படையில் பணிபுரியும் கடப்பாடு கிடையாது. வீட்டுத் தாத்தா, "எங்கள் காலத்தில் காலேஜில் எல்லோரும் சேர வேண்டும்" என்று சொல்வார். அவர் சொல்வதும் சரிதான். சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கட்டாயமாக்கினார்கள், 1968-இல் மறுபடியும் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

பள்ளியில் சேருபவர்கள் ஜூனியர் பிரிவு. பெரும்பாலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் சேர்த்து இரண்டு ஆண்டு பயிற்சி தருவார்கள், முடிவில் 'ஏ' சான்றிதழ் தேர்வு. கல்லூரியில் சேருபவர்கள் சீனியர் பிரிவு. மூன்று ஆண்டு, 'பி' சான்றிதழ், அதற்கு மேல் 'சி'. தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும், ஆண்டுப் பயிற்சி முகாமுக்கும் போயிருக்க வேண்டும். 'சி' தேர்வுக்கு முகாம் கணக்கு இன்னும் கூடும். அதில் ஒன்றாக அகில இந்திய அளவில் நடக்கும் முகாமையும் காட்டலாம். தலைமைப் பயிற்சி முகாம் அந்த வகையைச் சேர்ந்தது. கேடட்கள், அதாவது என்.சி.சி. மாணவர்கள், இதை ஏ.எல்.சி., பி.எல்.சி. என்பார்கள், முதலாவது உயர்நிலை, இரண்டாவது அடிப்படை நிலை. வேறு மாநிலத்தில் நடக்கவும் வாய்ப்புண்டு.

இதனால் என்ன பயன் என்று கேட்பது நியாயமான கேள்வி. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பகுதியில் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் அதிகம்.

முதலில் 'ஏ' சான்றிதழ். பத்தாம் வகுப்போடு அதன் பயன் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தமிழ்நாடு அரசுக் கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையில் சிறப்புப் பிரிவினருக்கு முதலில் கலந்தாய்வு நடக்கும். மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் குடும்பத்தினர் ஆகியோரோடு என்.சி.சி. 'ஏ' சான்றிதழ் உள்ளவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ இடம் தேடும் பிள்ளை, விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை விட்டுவிடக் கூடாது.

அடுத்து வேலை. மத்திய ஆயுதப் படைகளுக்கான கான்ஸ்டபிள் தேர்வில் 'சி' சான்றிதழுக்கு 5 சதவீதம், 'பி'-க்கு 3, 'ஏ'-க்கு 2 சதவீதம் என்று ஊக்க மதிப்பெண் உண்டு. அக்னிவீர் தேர்விலும், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்விலும் என்.சி.சி.க்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது ராணுவ அதிகாரி ஆவதற்கான என்.சி.சி. சிறப்பு நுழைவு. பட்டப்படிப்பில் 50 சதவீதம், 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, வயது 19 முதல் 25, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பத்தைச் சலித்தெடுத்து, படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்காணலுக்கு நேராக அழைப்பார்கள். தேறினால் 49 வாரப் பயிற்சி. அது நடக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமி வேறெங்கோ இல்லை, நம் பரங்கிமலையில்தான் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் போய்ச் சேரும் தூரம். வடசென்னையிலிருந்து அங்கே ரயில் போகும் அளவுக்கு ஆட்கள் போவதில்லை என்பது என் ஆதங்கம்.

தலைமைப் பயிற்சி முகாம் இந்த எஸ்.எஸ்.பி.க்கு ஒத்திகை போன்றது. ஆண்டு முகாமில் சொன்னதைச் செய்தால் போதும். இங்கே சொல்ல வேண்டியவரே நீங்கள்தான். முறை வைத்துப் பொறுப்புக் கொடுப்பார்கள். குழுவை வரிசைப்படுத்துவது, வேலை பிரிப்பது, நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் அன்றைய பொறுப்பாளரின் பாடு. அதோடு குழு விவாதம், சிற்றுரை, வரைபடம் படித்தல், தடை தாண்டுதல், ஆயுதப் பயிற்சி.

யாரை அனுப்புகிறார்கள்? கல்லூரியிலோ பள்ளியிலோ உள்ள என்.சி.சி. அதிகாரி பெயர் தருவார், பல பள்ளி கல்லூரிப் பிரிவுகளுக்கு மேலே இருக்கும் பட்டாலியன் தேர்ந்தெடுக்கும். நல்ல உடற்கட்டு உள்ளவனுக்குத்தான் கிடைக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். நடைமுறையில் முதலில் பார்ப்பது வருகைப் பதிவேடு, அடுத்து காகிதங்கள், அதற்குப் பிறகு வாய், அதாவது பேச்சுத் திறன். உடம்பு நான்காவதுதான்.

காகிதத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துத்தான் இனிஷியல். ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து பின்னால் நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் கடைசியில் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாக இருக்கும். என்.சி.சி. சேர்க்கைப் படிவத்தில் எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே சான்றிதழில் அச்சாகும். ஆறு ஆண்டு கழித்து ஆள்சேர்ப்பு மைதானத்தில், வெயிலில் நிற்கும்போது, "இது நீதான் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்பார்கள். ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆதார் வேறாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருக்கட்டும். சீருடைப் பணத்தை மாணவர் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தும் முறை வந்துவிட்டது, அம்மாவின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் சிக்கல்.

முகாமுக்கு முன் மருத்துவத் தகுதிச் சான்று, பெற்றோரின் சம்மதக் கடிதம், அடையாள அட்டை, புகைப்படங்கள் கேட்பார்கள். மருத்துவச் சான்றைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனையின் காலை வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கல்லூரியில் அந்த நாட்களை வருகையாகக் கணக்கிடும் ஓ.டி. வேண்டும் என்றால் கிளம்பும் முன்பே துறைத் தலைவரிடம் கடிதம் கொடுத்துவிட வேண்டும்.

இனி வாய். சிற்றுரைக்கு ஒரு சீட்டில் நான்கு தலைப்புகள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். யோசிக்க மூன்று நிமிடம், பேச மூன்று நிமிடம். நம் பிள்ளைகளில் பலர் முப்பது வினாடியில் வணக்கம் சொல்லி, தலைப்பை இரண்டு முறை படித்து, கூரையைப் பார்த்துவிட்டு நிற்பார்கள். விஷயம் தெரியாததால் அல்ல. தெரிந்த விஷயத்தை 'இதெல்லாம் பேசலாமா' என்று ஒதுக்கிவிட்டுப் பாடப்புத்தகத்தைத் தேடுவதால்தான் இப்படி ஆகிறது. சுற்றுச்சூழல் என்று தலைப்பு வந்தால், எண்ணூர்ப் பிள்ளை அமேசான் காட்டைப் பேசப் போகிறான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்ததையும், படகும் வலையும் கறுப்பானதையும், கொசஸ்தலை ஆற்றை நம்பியவர்கள் பிழைப்பு இழந்ததையும் அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். மூன்று நிமிடத்துக்கு அது தாராளம். தினமும் இரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு தலைப்பை எடுத்து, கைபேசியில் நேரம் வைத்து, வீட்டார் முன் பேசட்டும். தமிழில் பேசிப் பழகிய பிறகு அதையே எளிய ஆங்கிலத்தில் பேசலாம். இலக்கணப் பிழை வந்தால் வரட்டும், நடுவில் நிற்காமல் பேசி முடிப்பதுதான் பழக வேண்டியது.

குழுத் திட்டமிடல் என்று ஒன்று உண்டு. ஒரு வரைபடம், அதில் ஒரே நேரத்தில் நான்கைந்து பிரச்சினைகள், கையில் குறைந்த ஆட்கள், குறைந்த நேரம். எதை முதலில் செய்வீர்கள், ஏன் என்று எழுதி, பிறகு குழுவாகப் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். பயிற்சிக்குப் புத்தகம் வாங்க வேண்டாம். இப்படி ஒரு கணக்குப் போடுங்கள்: இரவு ஒன்பது மணி, கனமழை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. ஒரு கர்ப்பிணியை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறது, எப்போது திறக்கும் என்று தெரியாது. அறுந்து விழுந்த மின்கம்பி ஒன்று தெருத் தண்ணீரில் கிடக்கிறது. உங்களிடம் எட்டுப் பேர், ஓர் ஆட்டோ, ஒரு கயிறு. நால்வர் உட்கார்ந்து இதை வாதாடிப் பாருங்கள். எல்லோரும் கர்ப்பிணியிடம் ஓடுவார்கள். கம்பி கிடக்கும் தெருவில் ஒருவரை நிறுத்தி ஆட்களைத் தடுக்க வேண்டும், மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும் என்று எவன் முதலில் சொல்கிறானோ அவனைத்தான் தேர்வாளர் குறித்துக்கொள்வார். சத்தமாகப் பேசுகிறவனைத் தலைவன் என்று நினைக்கும் பழக்கம் அங்கே செல்லாது. பேசாதவனைப் பார்த்து "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கிறவனுக்கு மதிப்பு அதிகம்.

வரைபடம் படிப்பதில் தொல்லை ஒன்றே ஒன்றுதான்: கட்ட எண்ணைச் சொல்லும்போது கிழக்கு நோக்கிக் கூடும் எண்ணை முதலில் சொல்ல வேண்டும், வடக்கு நோக்கிக் கூடுவதை அடுத்து. மாற்றிச் சொன்னால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள். 1:50,000 அளவு வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். இது போதும், மற்றதை முகாமில் கற்றுத் தருவார்கள்.

டிரில் என்கிற அணிவகுப்புப் பயிற்சியின் கட்டளைகள் இந்தியில் இருக்கும். சாவ்தான் (விறைப்பாக நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தேஸ் சல் (வேகமாக நட), தம் (நில்). இவற்றைக் கேட்டு நிற்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு, கொடுக்கச் சொன்னால் குரல் எழும்பாது. கட்டளையில் இரண்டு பகுதி உண்டு. முன்பகுதியை இழுத்துச் சொல்ல வேண்டும், ஓர் இடைவெளி விட வேண்டும், கடைசிச் சொல்லை வெட்டினாற்போல் சொல்ல வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் வரிசை கலையும். தொண்டையிலிருந்து கத்தினால் மூன்றாம் நாள் குரல் போய்விடும், அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். காசிமேட்டு ஏலத்தில் குரல் கொடுக்கும் பெரியவர்களைக் கவனித்தால் புரியும், விடியற்காலை முழுக்கக் கூவியும் அவர்களுக்குத் தொண்டை கட்டுவதில்லை. அதிகாலையில் திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் போய்ப் பழகலாம், அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டால் மைதானத்திலும் கேட்கும்.

ஓட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2.4 கிலோமீட்டரைப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்கும் நிலைக்கு வாருங்கள். புது பூட்ஸை முகாமில்தான் முதன்முதலாகப் போடுவேன் என்று இருக்காதீர்கள், குதிகால் கொப்புளித்தால் முகாம் முழுதும் வீண். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட வேண்டாம், பக்கத்து மாநகராட்சி விளையாட்டுத் திடலே போதும்.

மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. என்.சி.சி.யில் கடற்படைப் பிரிவும் இருக்கிறது. துடுப்புப் படகு, கொடிச் சைகை, கப்பல் மாதிரி செய்தல் எல்லாம் அதில் வரும். உங்கள் பள்ளியில் தரைப்படைப் பிரிவு மட்டும் இருந்தால், கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பிரிவு இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம், தயக்கத்தை விடுங்கள் என்று வெறுமனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்.சி.சி. என்ற பெயரில் நடந்த போலி முகாமில் மாணவிக்கு நேர்ந்த கொடுமை ஊரறிந்தது. ஆகவே சரிபார்த்து அனுப்புங்கள். உண்மையான முகாமுக்குப் பட்டாலியனிடமிருந்து எழுத்து மூலமான உத்தரவு வரும். அதில் இடம், தேதி, உடன் செல்பவர் விவரம் இருக்கும். மாணவியருடன் பெண் பொறுப்பாளர் இருக்க வேண்டும். பட்டாலியன் அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசி, இந்தப் பள்ளிக்குப் பிரிவு உண்டா, இந்தத் தேதியில் முகாம் உண்டா என்று கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை, அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விட வேண்டாம். பணம் கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் அதே பதில்தான்.

பட்டியலில் பெயர் வராமல் காத்திருப்பில் நின்றால், பையைப் பிரிக்காதீர்கள். கடைசி நேரத்தில் யாருக்காவது காய்ச்சல் வரும், யாருக்காவது செமஸ்டர் தேர்வு குறுக்கிடும். இரண்டு நாள் அவகாசத்தில் அழைப்பு வந்தால் மருத்துவச் சான்றும் சம்மதக் கடிதமும் தயாராக வைத்திருப்பவருக்குத்தான் அந்த இடம் போகும்.