அதே அளவு, வேறு மாடி

மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். தம்பி, போதை மறுவாழ்வு மையத்தில் 45 நாள் இருந்துவிட்டு வந்தவன். பத்தாம் நாள் நண்பன் வீட்டு மொட்டைமாடியில் இறந்துபோனான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம். மாரடைப்பு என்று சொல்லியிருக்கிறார்கள், ஊர் நம்பவில்லை.

"வெறி பிடிச்சு அளவில்லாம ஏத்திக்கிட்டான்னு பேசுறாங்க. ஆனா சட்டைப் பையில இருந்த அட்டையில பத்துல ஆறு அப்படியே இருந்துச்சு. எப்பவும் போடுற நாலுதான். அப்புறம் எப்படி?"

மருத்துவ அறிக்கையைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர் எண்ணிப் பார்த்த கணக்கு பொருந்துகிறது.

டேபென்டடால் போன்ற வலி மாத்திரையும் ஹெராயினும் மூளையில் ஒரே வகை ஏற்பிகளில்தான், அதாவது மருந்து சாவிபோலப் பொருந்தும் பூட்டுகளில்தான், போய் ஒட்டுகின்றன. வலியை அடக்கும் இந்த ஏற்பிகள், மூச்சுக்குத் தாளம் போடும் மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலும் உண்டு. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது மூச்சை விரட்ட வேண்டிய செல்கள் மந்தமாகிவிடும். ஆள் திணறமாட்டான். குறட்டை விட்டுத் தூங்குவதுபோலவே இருக்கும், உதடு நீலம் பாயும்வரை.

தினமும் எடுப்பவரின் உடல் இதற்குப் பழகிவிடும். சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்குதிறன் கலைந்துபோகும். பழைய அளவே புதியவனுக்கு ஏற்றிய அளவாகிவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் போதை மருந்து மிகையால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு.

இதுவரை பாடப்புத்தகம். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இனிதான். தாங்குதிறனில் ஒரு பங்கு உடல் மனப்பாடம் செய்துகொண்டது. புளியங்காயைப் பார்த்ததும் எச்சில் ஊறுகிறதே, மணியோசை கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறப் பழக்கிய பாவ்லவின் அதே கதை. வழக்கமான அறை, வழக்கமான ஊசி கண்ணில் பட்டதுமே, மருந்து உள்ளே போகுமுன் உடல் எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்கிறது, குடத்தைத் தூக்குமுன் கை தானாக இறுகுவதுபோல. கனடாவின் ஷெப்பர்ட் சீகல் குழு 1982-இல் எலிகளுக்கு ஹெராயினைப் படிப்படியாகக் கூட்டிப் பழக்கியது. பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவு. பழகாத எலிகளில் 96 சதவீதம் செத்தன. பழகியவற்றில், வழக்கமான இடத்தில் ஏற்றியபோது 32 சதவீதம். புது இடத்தில் ஏற்றியபோது 64. மாறியது இடம் மட்டும்!

அக்கா கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தார்: "முன்னாடியெல்லாம் அவன் ரூம்லதான். இப்ப திருந்திட்டான்னு வீடே நம்புச்சு, அதான் மாடிக்குப் போயிருக்கான்."

மையத்தில் யோகா இருந்ததாம், பிரார்த்தனை இருந்ததாம். வீடு திரும்பியதும் மந்திரித்த கயிறும் கட்டியிருக்கிறார்கள். "தவறிப்போய் மறுபடி எடுத்தால் பழைய அளவே கொன்றுவிடும்" என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசக் கூடாதாம். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

நலாக்சோன் என்றொரு முறிவு மருந்து இருக்கிறது. ஏற்பியில் ஒட்டிய மருந்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். நேரத்தோடு கொடுத்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகச் சீட்டில்லாமலே வாங்கலாம். இங்கே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். அந்த மாடியில் இருந்த பையன்கள் யாராவது படித்தால்: தட்டியும் எழாத குறட்டை தூக்கம் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்கு அடியுங்கள். என்ன எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.