ஐம்பதுக்குமேல் ஓட்டம்: மூச்சு முந்தும், கால் பிந்தும்

ஐம்பது வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கி, கால்வலியோடு என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்தில் வருவதில்லை. இரண்டாம் மாத வாக்கில்தான் வருகிறார்கள். “இப்போதுதான் நன்றாக ஓட வந்தது, அதற்குள் இப்படி ஆகிவிட்டதே” என்று குறைபட்டுக்கொள்வார்கள். நன்றாக ஓட வந்ததால்தான் இப்படி ஆனது என்பதே இயன்முறை மருத்துவராக நான் அவர்களுக்குச் சொல்வது.

இதயம் பயிற்சிக்கு விரைவில் பழகிவிடுகிறது. சில வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடி, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தமும் கூடுவதால், தொடக்கத்தில் மூச்சிரைக்க வைத்த தூரம் எளிதாகிவிடுகிறது. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிகால் தசைநாணும் கணைக்கால் எலும்பும் அப்படியல்ல. தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது புதிய சுமைக்கேற்ப வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். எலும்போ, சுமை கூடும்போது பழைய பகுதியை முதலில் அரித்து அகற்றிவிட்டு, அதன்பிறகே அந்த இடத்தில் புதியதைக் கட்டுகிறது. இந்தச் சுற்று முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆவதால், இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. மூச்சு இடங்கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுபவர், இன்னும் ஆயத்தமாகாத காலின்மீது சுமையை ஏற்றிக்கொண்டே போகிறார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவால் எலும்பின் அடர்த்தியும் குறைவதால், அவர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை.

முழங்கால் தேய்ந்துவிடும் என்ற அச்சம்தான் எல்லோருக்கும் முதலில் வருகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் ஓடாதவர்களிடம் சுமார் 10 சதவீதமாகவும், பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் 3.5 சதவீதமாகவும் இருந்தது. மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், ஓட்டம் மூட்டைக் காக்கிறது என்று நான் முடிவுகட்டமாட்டேன். அளவான ஓட்டம் நல்ல மூட்டைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு இதில் ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்வேன்.

ஓடிப் பழகாதவரை 5 கிலோமீட்டர் ஓட வைக்கும், தொடக்கநிலையினர் பலர் பின்பற்றும் ‘கௌச் டு 5கே’ திட்டத்தை ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல், ஐம்பது வயதைக் கடந்த தன் தாயையும் மனத்தில் வைத்து உருவாக்கினார். அதன் முதல் வாரத்தில் 60 வினாடி மெல்லோட்டமும் 90 வினாடி நடையும் 20 நிமிடங்களுக்கு மாறி மாறி வரும். வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே பயிற்சி. திட்டம் நல்லதுதான், ஆனால் அதன் 9 வாரக் கணக்கு, நெடுங்காலம் உட்கார்ந்தே வேலை பார்த்தவரின் கால்களுக்கு அவசரமானது. ஒவ்வொரு வாரப் பயிற்சியையும் இருமுறை செய்து, 18 வாரங்களாக நீட்டிக்கொள்ளச் சொல்கிறேன். மூச்சு எளிதாக இருப்பவர்களுக்கு இது சலிப்பூட்டும். அவர்களிடம்தான் நான் இதை அதிகம் வற்புறுத்துகிறேன்.

அதோடு கெண்டைக்கால் தசையை வலுப்படுத்த வேண்டும். வயது கூடியவர்களுக்குக் கெண்டைக்காலிலும் குதிகால் தசைநாணிலும் காயம் ஏற்படும் வாய்ப்பு அதிகம். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்திப் பாருங்கள். பத்து முறைகூட முடியாவிட்டால், அது கைகூடும்வரை வேகநடையே போதும். தசைப்பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளாவது வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் ஆகியவை இருப்பவர்களும், இதயநோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்களும் மருத்துவரைக் காணாமல் தொடங்கக் கூடாது. இன்சுலின் எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின்போதும் அதன்பிறகும் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். இரத்த அழுத்தத்துக்கும் இதயநோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு மட்டுப்பட்டிருப்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப முடியாது. தடையின்றி முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதையே வேகத்துக்கு அளவாகக் கொள்ளலாம்.

தசை முழுவதும் பரவி இரண்டு நாளில் மறையும் வலியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே தோன்றும் இறுக்கம் நாளுக்கு நாள் கூடினால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். எலும்பின்மீது ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, ஓட ஓடக் கூடி, ஓய்விலும் தொடர்ந்தால், அது எலும்பில் மயிரிழை முறிவாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். முதல் சில வாரங்களில் இது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை ஓடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல், வலி நீடித்தால் எம்ஆர்ஐ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.