டிஸ்ட்ரோ என்பதற்கு ஏன் வழங்கல்?

“உங்கள் கணினியில் எந்த லினக்ஸ்?” என்று கேட்டால் ஒருவர் உபுண்டு என்பார், இன்னொருவர் ஃபெடோரா என்பார். மூன்றாமவர் முனையத்தைத் திறந்து ‘யூநேம்’ கட்டளையைக் கொடுத்துவிட்டு “6.1” என்பார். முதல் இருவரும் சொன்னது டிஸ்ட்ரோவின் பெயர், அதாவது கருனியோடு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பின் பெயர். மூன்றாமவர் சொன்னது இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனியின் (கெர்னலின்) எண். கேட்டவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. அதே 6.1 வரிசைக் கருனி டெபியன் 12இலும் உண்டு, அமேசான் லினக்ஸ் 2023இலும் உண்டு. முதலாவதில் மென்பொருள் நிறுவ ஆப்ட், இரண்டாவதில் டிஎன்எஃப். கோப்புகள் இருக்கும் இடமும் வேறு, பொதிகளின் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்களின்) பெயர்களும் வேறு. கருனி ஒன்றாக இருந்தும் இத்தனை வேற்றுமை எங்கிருந்து வந்ததோ, அதற்குத்தான் டிஸ்ட்ரோ என்று பெயர்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்பதன் பேச்சுச் சுருக்கம் டிஸ்ட்ரோ. லத்தீனில் ‘டிஸ்’ என்றால் பிரிய, ‘ட்ரிபுவெரே’ என்றால் இன்னாருக்கு இன்னது என ஒதுக்குதல். சேர்த்தால் பலருக்கும் பிரித்துக் கொடுத்தல். கணினித் துறையில் இது லினக்ஸுக்கும் மூத்த சொல். 1978இல் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து பில் ஜாய், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான கூடுதல் நிரல்களைக் காந்த நாடாவில் பதிந்து அனுப்பினார். ‘பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’, சுருக்கமாக பிஎஸ்டி. அங்கே அந்தச் சொல்லுக்கு, அனுப்பிய நாடாவும் அதிலிருந்த சரக்கும் என்பதற்கு மேல் பொருள் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பெயரிலேயே டிஸ்ட்ரிபியூஷனைச் சுமக்கும் ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி முதலியவற்றை இன்று யாரும் டிஸ்ட்ரோ என்பதில்லை. அவற்றில் கருனியையும் அடிப்படைக் கருவிகளையும் ஒரே குழு, ஒரே மூலநிரல் மரத்தில் வளர்க்கிறது. வெளியிலிருந்து சேகரித்துக் கோக்கும் வேலை அங்கே அடித்தளத்தில் இல்லை.

லினக்ஸின் கதை நேர்மாறு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் வெளியிட்டது கருனி மட்டுமே. அதைத் தனியே வைத்துக்கொண்டு ஒரு கோப்பைக்கூடத் திறக்க முடியாது. கட்டளைகளைப் படிக்கும் ஓடு (ஷெல்), கோப்புகளை நகலெடுக்கும் கருவி, மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடியதாகத் திரட்டித் தரும் சி மொழித்திரட்டி (கம்பைலர்) எல்லாம் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. இரண்டையும் எடுத்து, திரட்டி, வட்டில் சேர்த்து, கணினி அதிலிருந்து தொடங்கும்படி செய்யும் வேலையை ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் தாமே செய்துகொண்டார்கள். 1992 பிப்ரவரியில் மான்செஸ்டர் கணினி மையத்தில் ஓவன் லெ பிளாங்க் ‘எம்சிசி இன்டரிம்’ என்ற பெயரில் அதை எல்லோருக்குமாகச் செய்து வைத்தார். அதே ஆண்டு பீட்டர் மெக்டொனால்டின் எஸ்எல்எஸ் என்ற தொகுப்பு வந்தது. வரைகலைத் திரையையும் சேர்த்துத் தந்ததால் வேகமாகப் பரவியது. பிழைகளும் நிறைய.

அந்தப் பிழைகளிலிருந்துதான் சொல்லுக்கு இன்றைய பொருள் கிடைத்தது. எஸ்எல்எஸ்ஸைத் திருத்தப் போய் 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரை வெளியிட்டார். அடுத்த மாதம், ஆகஸ்ட் 16ஆம் நாள், எஸ்எல்எஸ்மேல் அதிருப்தி கொண்ட இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். அவருடைய தோழி டெப்ரா, அவர் இயன். இரு பெயரும் சேர்ந்து டெபியன். இருவரும் புதிதாக ஓர் இயங்குதளம் எழுத வரவில்லை. இருப்பவற்றை ஒழுங்காகச் சேர்த்து, பிழை வந்தால் திருத்தி, தொடர்ந்து பராமரிக்க வந்தார்கள். ஸ்லாக்வேர் 2.1 வந்த 1994இல் அது 73 ஃபிளாப்பி வட்டுகள். ஏ வரிசை அடிப்படை, என் வரிசை வலையமைப்பு, எக்ஸ் வரிசை வரைகலை என்று எழுத்திட்டு அடுக்க வேண்டும். நடுவில் ஒரு வட்டு பழுதானால் நிறுவல் அங்கேயே நின்றுவிடும். நாடாவிலும் வட்டிலும் சரக்கை அனுப்புவதைக் குறித்த சொல், இந்தக் காலத்தில்தான் அனுப்புகிறவர்களின் பொறுப்பையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கியது.

இனித் தமிழ். ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் நிற்கும் இடத்தில் நம்மிடம் குறைந்தது ஐந்து சொற்கள் புழங்குகின்றன. பள்ளிப் புள்ளியியலில் பரவல், எண்கணிதப் பண்பில் பங்கீடு, மின்வாரியத்தில் பகிர்மானம், ரேஷன் கடையிலும் திரைப்படத் தொழிலிலும் விநியோகம், கட்டற்ற (யாரும் மாற்றிப் பகிரக்கூடிய) மென்பொருள் எழுத்தில் வழங்கல். எதை எடுப்பது?

பரவல் முதலில் கழிகிறது. அது எண்கள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்ற நிலையைச் சொல்வது. அங்கே கொடுப்பவர் என்று ஒருவர் இல்லை. பங்கீடும் பகிர்மானமும் ஒன்றைக் கூறுபோடுவதைக் குறிக்கின்றன. ஒருவர் பங்கு கூடினால் இன்னொருவர் பங்கு குறையும். டெபியனை இன்னும் ஓராயிரம் பேர் இறக்கிக்கொண்டால் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. விநியோகம் சற்று நெருங்கி வருகிறது, ஆனால் விநியோகஸ்தர் வாங்கிய படத்தை அப்படியே அரங்குக்கு அனுப்புகிறவர். டிஸ்ட்ரோவை உருவாக்குகிறவரோ வந்த மூலநிரலைத் தாமே திரட்டி, ஒட்டுப் போட்டு, தம் கையொப்பமிட்டு அனுப்புகிறார்.

வழங்கலுக்கும் ஒரு தடை சொல்லலாம். அரசுத் தமிழில் ‘குடிமைப் பொருள் வழங்கல்’ என்றால் சப்ளை. ஆனால் ‘வழங்கு’ என்னும் வினைக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று கொடுத்தல். மற்றொன்று புழக்கத்தில் இருத்தல், நடந்து வருதல். ‘இந்தச் சொல் நெல்லைப் பக்கம் வழங்குகிறது’ என்கிறோமே, அது. மழையால் “உலகம் வழங்கி வருதலால்” என்று 11ஆம் குறளில் வருவதும் இந்த இரண்டாம் பொருள்தான். ‘வழக்கு’ என்பதும் இதே வேரிலிருந்து வந்தது. ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகாமல், இற்றைப்படுத்தல்களால் ஆண்டுக்கணக்கில் புழக்கத்தில் வைத்திருக்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருந்தும் வினை அகப்படுவது கடினம். இந்த இடத்தில் தமிழ்ச்சொல் மூலச்சொல்லையே மிஞ்சி நிற்கிறது என்பேன்.

‘வழங்கல் என்பது தொழிற்பெயர் ஆயிற்றே, அதை எப்படி ஒரு பொருளுக்குப் பெயராக்குவது?’ என்று சிலர் தயங்குகிறார்கள். அடுக்களையில் யாரும் தயங்கியதில்லை. பொங்கு, பொங்கல்; துவை, துவையல்; அவி, அவியல். செய்கையின் பெயரே இலையில் விழும் பண்டத்துக்கும் பெயராயிற்று. அப்படித்தான் வழங்கு, வழங்கல். பன்மை வழங்கல்கள்.

‘லினக்ஸ் வகை’ என்றும் ‘லினக்ஸ் பதிப்பு’ என்றும் எழுதுவது மட்டும் குழப்பம். பதிப்பு என்பது ஒரே வழங்கலின் அடுத்தடுத்த வெளியீடு: டெபியன் வழங்கல், அதன் 12ஆம் பதிப்பு. வகை என்றால் ஒரே மரத்து மாம்பழம் என்ற எண்ணம் வந்துவிடும். ‘இலவச இயங்குதளம்’ என்பதும் முழு உண்மை இல்லை. ரெட் ஹாட் நிறுவனம் சந்தாப் பணம் வாங்கிக்கொண்டுதான் ஆதரவு தருகிறது. இருந்தும் அது கட்டற்ற மென்பொருள்களால் ஆன வழங்கலே.

வழங்குகிறவர் என்னதான் செய்கிறார் என்பதைப் பொதியின் எண்ணிலேயே காணலாம். டெபியன் 12இல் ஒரு பொதியின் எண் 2.4.1-3+டெப்12யு2 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2.4.1 என்பது மென்பொருளை எழுதியவர் இட்ட எண். அதற்குப் பின்னால் வரும் எல்லாம் டெபியனுடையது. 3 என்றால் அதே மூலநிரலை டெபியன் மூன்றாம் முறையாகப் பொதியாக்கியிருக்கிறது. டெப்12யு2 என்றால் 12ஆம் பதிப்பு வெளிவந்தபின் அதற்கு இரண்டு முறை திருத்தம் போயிருக்கிறது. உபுண்டு தான் மாற்றிய பொதியில் அந்த இடத்தில் ‘உபுண்டு’ என்றே இருக்கும், ஃபெடோரா 40இல் ‘எஃப்சி40’, ரெட் ஹாட் 9இல் ‘ஈஎல்9’.

இதை அறியாததால் வரும் தொல்லை ஒன்று உண்டு. எழுதியவர் 2.4.5இல் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தார் என்று கேள்விப்பட்டு, நம்முடையது 2.4.1தானே என்று பலரும் பதறுவார்கள். வெறும் எண்ணை ஒப்பிடும் தணிக்கைக் கருவிகளும் சிவப்பு விளக்கைக் காட்டும். உண்மையில் டெபியன் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய 2.4.1இல் ஒட்டி யு2 என்று அனுப்பியிருக்கும். நடத்தை மாறாமல் ஓட்டை மட்டும் அடைபட வேண்டும் என்பதே நோக்கம். பார்க்க வேண்டியது முன் எண்ணை அல்ல, வால் எண்ணை. டெபியன் 12இல் இப்படி 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன.

ஒரு வழங்கலிலிருந்து இன்னொன்று கிளைப்பதும் உண்டு. டெபியனிலிருந்து உபுண்டு (2004), உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்ட் (2006). சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. இவற்றை ஆங்கிலத்தில் டெரிவேட்டிவ் என்பார்கள். நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பிரிக்கிறது. முன்னோர் நூலின் முடிபை ஏற்று, பின்னோன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சொல்வது வழிநூல். உபுண்டு செய்வது ஏறக்குறைய இதுவே. ஆகவே ‘வழிவழங்கல்’ என்று சொல்லிப் பார்க்கலாம் என்பது என் பரிந்துரை.

முதலும் வழியும் உறவுதானே என்று பொதிகளைக் கலந்தால்தான் வினை. பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம் டெபியன் 12இல் 2.36, உபுண்டு 24.04இல் 2.39. உபுண்டு 24.04க்காகத் திரட்டிய ஒரு பொதியை டெபியன் 12இல் நிறுவப் போனால், புதிய நூலகம் வேண்டும் என்று பெரும்பாலும் ஆப்ட் மறுத்துவிடும். மறுத்தால் நல்லது. அதைச் சமாதானப்படுத்த உபுண்டு தன் பொதிகளை வைத்திருக்கும் களஞ்சியத்தையே டெபியனில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சி நூலகம் மேலேறிவிடும். அதைச் சார்ந்தவை ஒவ்வொன்றாகப் பின்தொடரும். கீழே இறக்க முறையான வழி கிடையாது. டெபியன்காரர்கள் இதற்கு ‘ஃபிராங்கன்டெபியன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மின்ட்டில் வரும் சிக்கல் வேறு மாதிரி. வெளி நிறுவனங்கள் தரும் நிறுவல் கட்டளைகள் பெரும்பாலும் வழங்கலின் குறிப்பெயரைக் கணினியிடமே கேட்டு, களஞ்சிய முகவரியில் சொருகிக்கொள்ளும். மின்ட் 21.3 தன் பெயர் ‘விர்ஜீனியா’ என்று சொல்லும். அந்தப் பெயரில் அங்கே அடைவு (கோப்புறை) இருக்காது. 404 பிழை வரும். மின்ட் 21.3 எழுந்தது உபுண்டு 22.04இன்மேல், அதன் குறிப்பெயர் ‘ஜாமி’. முகவரியில் விர்ஜீனியாவை நீக்கி ஜாமி என்று எழுதினால் சரியாகிவிடும். இந்தத் தகவல் ‘எட்சி’ அடைவிலுள்ள ‘ஓஎஸ்-ரிலீஸ்’ கோப்பில் ‘உபுண்டு கோட்நேம்’ என்ற வரியில் இருக்கிறது. அதே கோப்பின் ‘ஐடி’ வரியில் வழங்கலின் பெயரும், ‘ஐடி லைக்’ வரியில் அது எதன் வழி வந்தது என்பதும் இருக்கும். மின்ட்டில் அந்த வரி ‘உபுண்டு டெபியன்’. எந்த லினக்ஸ் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் இந்தக் கோப்புதான், யூநேம் அல்ல.

ஆல்பைன் வழங்கலில் இன்னொரு விசித்திரம். பிற வழங்கல்களுக்குத் திரட்டிய ஒரு நிரலை அங்கே கொண்டுபோய் ஓட்டினால், கண்முன்னே இருக்கும் கோப்பையே ‘காணவில்லை’ என்று சொல்லும். காணாமல் போனது அந்த நிரல் அல்ல, அதை நினைவகத்தில் ஏற்றும் ஏற்றி. ஆல்பைன், பிற வழங்கல்களில் உள்ள ஜிலிப்சி என்னும் சி நூலகத்துக்குப் பதிலாக மசில் என்னும் சிறிய சி நூலகத்தைப் பயன்படுத்துவதால், நிரல் தேடும் பெயரில் ஏற்றி அங்கே இருக்காது.

கடைசியாக, ஆதரவு முடிந்த வழங்கலை எப்படிச் சொல்வது? ‘வாழ்நாள் முடிந்தது’ என்று எழுதுகிறார்கள். வழங்கல் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால் ‘வழக்கொழிந்தது’ என்பது கையோடு கிடைக்கிறது. சென்ட்ஓஎஸ் 8 வழக்கொழிந்தது 2021 டிசம்பர் 31இல். சில வாரங்களில் அதன் பொதிகளைப் பொதுக் களஞ்சியங்களிலிருந்து எடுத்து ‘வால்ட்’ என்னும் காப்பகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த வழங்கிகளில் (சர்வர்களில்) டிஎன்எஃப் கொடுத்தால் ‘ஆப்ஸ்ட்ரீம்’ களஞ்சியத்தின் தரவை இறக்க முடியவில்லை என்ற பிழை வந்தது. களஞ்சியக் கோப்பில் முகவரியை வால்ட் என்று மாற்றினால் பொதிகள் கிடைக்கும். ஆனால் அவை 2021இல் நின்ற பொதிகள். வால் எண் அதற்குமேல் ஏறாது.